அத்தையின் ஸ்கோர்

சாரல் ஒரு வாரமாக விடாமல் அடித்ததில் எங்கள் வீட்டுப் பரணுக்கு மேலே ஓடு ஒழுக ஆரம்பித்தது. நனையக் கூடாத சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது, ஜிப் வைத்த கறுப்பு சிடி பை ஒன்று கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் பாச்சா உருண்டை வாசம் குப்பென்று வந்தது. அது அடங்கியதும், அடியிலிருந்து மெதுவாகப் பீடித்தூள் வாசம். பீடி சுற்றுகிற வீட்டில் துணிமணி, பாடப் புத்தகம், சாமி படம் என்று எல்லாவற்றிலும் அந்தத் தூள் ஏறிவிடும். இத்தனை வருஷம் கழித்தும் அது பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சிடிக்களில் பாதி பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மேலகரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் எதையும் உலர்வாக வைத்திருப்பது பெரும்பாடு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அருவிக்குப் போகிற கூட்டமெல்லாம் எங்களைத் தாண்டித்தான் போகும். அவர்கள் ஒரு நாள் நனைந்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் சீசன் முழுக்க ஈரத்தோடு குடித்தனம் நடத்துவோம். கடைசி உறையில் இருந்த பழுப்பு அட்டையில் மட்டும் பூஞ்சை இல்லை. மூன்று பேர் வட்டமாகக் கைகோத்து நிற்கிற சின்னம். உபுண்டு லினக்ஸ். அதைக் கையில் எடுத்ததும் அத்தையின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அப்பாவின் தங்கை அவள். எங்களோடுதான் இருந்தாள். முன்கூடத்துச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். ஈரத் துணியில் பதமாகச் சுருட்டி வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பாள். தூளை அள்ளி வைத்து உருட்டுவாள். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியை மடக்கிக் குத்துவாள். ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு கூலி. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், விரல்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதே இல்லை.

அந்தக் கூடத்தில்தான் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. திருநெல்வேலியில் ஓர் ஆபீஸில் பழையதைக் கழித்தபோது சித்தப்பா சொல்லி வைத்து வாங்கி வந்தார். பென்டியம் த்ரீ, 128 எம்பி ரேம், 10 ஜிபி ஹார்ட் டிஸ்க், ரெண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய 15 இன்ச் மானிட்டர். மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, மேலே பூ வேலை செய்த துணி போட்டு மூடினோம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எல்லா வீட்டிலும் துணிக்குள்தான் இருக்கும். சீசனில் ரெண்டு நாள் போடாமல் விட்டால் மூன்றாம் நாள் பீப் பீப் என்று கத்திக்கொண்டு திரை வராது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேமை உருவி, அதன் அடியில் இருக்கிற மஞ்சள் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினால் உயிர் வந்துவிடும். என்னுடைய ஜாமென்ட்ரி பாக்ஸில் இதற்கென்றே தனியாக ஒரு ரப்பர் இருந்தது.

உள்ளே விண்டோஸ் 98 இருந்தது. அடிக்கடி கெட்டுப்போகும். ஆனால் நாங்கள் ஆசைப்பட்டது அதில் கிடையாது. தென்காசி பிரௌசிங் சென்டர்களில் எக்ஸ்பி வந்துவிட்டது. எக்ஸ்பி என்றால் பின்பால். கறுப்பு வானம், ஊதா மேசை, கீழே ரெண்டு துடுப்பு, ஸ்பிரிங் வைத்துத் தள்ளினால் மேலே ஏறி ஓடுகிற வெள்ளிப் பந்து. இசட் தட்டினால் இடது துடுப்பு, சாய்கோடு தட்டினால் வலது துடுப்பு. மணிக்கு 20 ரூபாய் கொடுத்து மெயில் பார்க்கிற சாக்கில் நாங்கள் அதைத்தான் ஆடினோம். 98-ல் அந்த விளையாட்டு இல்லை. எக்ஸ்பியைப் போடலாமென்றால் 128 எம்பி ரேமில் அது ஒவ்வொரு சன்னலையும் திறக்க யோசித்து யோசித்து நின்றது.

பெரியப்பா மகன் அண்ணன் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். யாரோ சொன்னார்கள் என்று உபுண்டுவுக்கு விலாசம் எழுதிப் போட்டான். தென்னாப்பிரிக்காக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் 2004-ல் தொடங்கிய லினக்ஸ் அது. கேட்கிற யாருக்கும், எந்த நாடாக இருந்தாலும், தபால் செலவுகூட வாங்காமல் சிடி அனுப்பினார்கள். 2011 வரைக்கும் அந்த ஏற்பாடு இருந்தது. அண்ணன் எழுதியதை நாங்களே மறந்துவிட்ட பிறகு, போஸ்ட்மேன் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நெதர்லாந்து முத்திரை குத்திய உறையை நீட்டினார். தெருவே வந்து பார்த்தது.

"யாருல உனக்கு வெளிநாட்ல இருந்து அனுப்புதா?" என்று அத்தை கேட்டாள்.

"கம்பெனிக்காரன் சும்மா தாரான் அத்தை."

"சும்மா எவன் தருவான்? பின்னால துட்டு கேட்டு வரப்போறான், பாத்துக்கோ."

கடைசிவரை யாரும் துட்டு கேட்டு வரவில்லை. அந்த விஷயத்தில் அத்தைக்கு ரொம்ப நாள் சமாதானமே ஆகவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கது சும்மா வந்தது" என்று காட்டுவாள்.

உபுண்டுவைப் போட்டு, கனமான திரை அமைப்பை எடுத்துவிட்டு, ஐஸ்டபிள்யூஎம் என்கிற எளியதை வைத்ததும் அந்தப் பழைய பெட்டி சுறுசுறுப்பாகிவிட்டது. பின்பால் மட்டும்தான் பாக்கி. அது விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு, லினக்ஸில் ஓடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மட்டும், "வைன்னு ஒண்ணு இருக்கு. அதப் போட்டா ஓடும்ல" என்றான்.

இன்று ஒரு வரி தட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியம் அது. அன்று வீட்டில் இணைப்பு இல்லை. இரவல் பென் டிரைவோடு தென்காசிக்குச் சைக்கிள் மிதித்து, வைனை இறக்கி வந்து போட்டால், "இன்ன லைப்ரரி இல்லை" என்று திரையில் ஒரு பட்டியல் வரும். அதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு திரும்பவும் தென்காசி. அந்த லைப்ரரியைக் கொண்டுவந்து போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். எழுத்து ஒன்று மாறினாலும் போன பயணம் வீண் என்பதால், அண்ணன் உரக்கப் படிக்க நான் எழுதி, பிறகு நான் படிக்க அவன் சரிபார்ப்பான். ஆங்கிலத்தில் கவனமாக எழுத்துக்கூட்ட நான் பழகியது அந்த நோட்டில்தான். பெரிய கோயில் கோபுர வாசலில் சீசன் காற்று ஆளையே தள்ளும். பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் வைத்து, பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு வருவோம்.

பின்பாலை எங்கிருந்து எடுப்பது என்பதையும் அண்ணன் கண்டுபிடித்து வைத்திருந்தான். எக்ஸ்பியில் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் என்டி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பின்பால். அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். சென்டர்க்காரரிடம் கேட்டோம். "விளையாட்டுதான? எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி" என்றார். உரிமை, உரிமம் என்றெல்லாம் அன்று தென்காசியில் யாரும் பேசிக் கேட்டதில்லை. சிடிக் கடையிலிருந்து பிரௌசிங் சென்டர் வரைக்கும் எல்லாம் கைமாற்றுதான்.

ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கறுப்பு டெர்மினலில் அண்ணன் கட்டளையைத் தட்டினான். ஃபிக்ஸ்மி, ஃபிக்ஸ்மி என்று வரிவரியாக ஓடியது. வைனை எழுதியவர்கள் இன்னும் எழுதி முடிக்காத பகுதிகளில் விட்டுவைத்த குறிப்புகள் அவை என்பது பின்னால்தான் தெரியும். அன்று அதெல்லாம் கோளாறு என்றே நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வரிகள் நின்றன. ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. அப்புறம், லினக்ஸ் திரையின் நடுவில், அந்த ஊதா மேசை.

அது எப்படி முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது. விண்டோஸுக்காக எழுதிய புரோகிராம் எதையும் தானே செய்துவிடுவதில்லை. கோப்பைத் திற, சன்னலை வரை, இந்தச் சத்தத்தை எழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸிடம் கேட்கும். வைன் குறுக்கே நின்று அந்தக் கேள்விகளை வாங்கிக்கொண்டு, லினக்ஸில் இருப்பதை வைத்துக் காரியத்தை நடத்திக் கொடுக்கும். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் தங்கள் ஊர் வழக்கப்படி ஒன்றைக் கேட்பார்கள். பெண் வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பெரியம்மா, "இந்தா வந்துட்டு" என்று உள்ளே போய், நம் வீட்டில் இருப்பதை எடுத்து அவர்கள் எதிர்பார்த்த மாதிரி கொண்டுவந்து வைப்பாள். வந்தவர்களுக்கு வேற்று ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதே தெரியாது. வீட்டு அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒளிந்திருக்கிற ஒரு ஃபோல்டரில், விளையாட்டு நம்புவதற்காகவே ஒரு சி டிரைவையும் வைன் ஏற்பாடு செய்து வைத்திருக்கும்.

இதில் எங்கள் பழைய பெட்டிக்கு ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. விண்டோஸ் விளையாட்டும் லினக்ஸும் பேசுவது அதே இன்டெல் பிராசசரோடு என்பதால், கணக்குப் போடுகிற வேலையை வைன் தொடவே தொடாது. அது நேராக பிராசசருக்கே போய்விடும். டாஸ் விளையாட்டுகளின் கதை வேறு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1990-ல் டாஸுக்கு வந்தது. எங்கள் பென்டியம் த்ரீயின் பலத்தில் ஒரு மூலையளவு இருந்த கம்ப்யூட்டர்களிலேயே சிரமமில்லாமல் ஓடியது. அதை லினக்ஸில் டாஸ்பாக்ஸ் வழியாகப் போட்டால் எங்கள் பெட்டி திணறும். ஏனென்றால் டாஸ்பாக்ஸ் பழைய கம்ப்யூட்டர் முழுவதையும், அதன் பிராசசர், சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, விஜிஏ உட்பட, மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. கன்ட்ரோலோடு எஃப்12 தட்டினால் வேகம் கூடும். அளவு தாண்டினால் சத்தம் கரகரவென்று உடையும். எஃப்11 தட்டிக் குறைக்க வேண்டும். இளவரசன் கூர்முனைகளுக்கு மேல் தாவும்போது ஒருவன் விளையாட, இன்னொருவன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பான். இளவரசியைக் காப்பாற்ற விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம்தான் கெடு. எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளும் என்பது எஃப்11-ல் கை வைத்திருப்பவனைப் பொறுத்தது.

பத்து வருஷத்துப் பழைய விளையாட்டு லேசாகவும் பதினைந்து வருஷத்துப் பழைய விளையாட்டு பாரமாகவும் இருந்த காரணத்தை அண்ணன் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டிய ராத்திரிதான் கம்ப்யூட்டர் எனக்குப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் சிபியு என்றால் என்ன என்று மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டது அந்தக் கட்டங்களைப் பார்த்து.

முதல் நாள் பின்பாலில் ஒரு குறை இருந்தது. பந்து மோதுகிற சத்தம் கேட்டது, துடுப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பாட்டு மட்டும் இல்லை. அந்த இசை மிடி கோப்பாக இருந்தது. அதில் இருப்பது எந்த வாத்தியம், எந்த சுரம் என்கிற குறிப்பு மட்டும்தான். வாசிக்க ஆள் வேண்டும். டிமிடிட்டி என்கிற புரோகிராமும் வாத்திய ஒலிகள் அடங்கிய பெரிய மூட்டை ஒன்றும் வேண்டும் என்று தெரியவந்து, அதை இறக்க சென்டரில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டு வந்த அன்றைக்குத்தான் அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னல இது, கோயில் கொடைக்கு செட் போட்ட மாதிரி சத்தம்?"

"வெளாட்டு அத்தை. நீங்களும் ஆடுங்க."

"எனக்கு என்னத்தத் தெரியும்?"

"இந்தக் கையில இத அமுக்கணும், அந்தக் கையில அத அமுக்கணும். அவ்வளவுதான்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் மூன்று பந்தும் நேராக நடுவில் விழுந்தன. நாலாவது ஆட்டத்திலோ ஐந்தாவது ஆட்டத்திலோ நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். எங்களைப் போல அவள் சாவிகளைப் படபடவென்று அடிக்கவில்லை. பந்து இறங்கி வருகிறவரைக்கும் விரல் சாவியின் மேல் சும்மா கிடக்கும். துடுப்பின் நுனிக்கு வந்த அந்தக் கணத்தில் ஒரே ஒரு தட்டு. நூல் முடிச்சுப் போட்டுப் போட்டுப் பழகிய கை. அத்தோடு அவளுக்குத் திரையை வெறித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அடுப்பில் பால் பொங்குதா பாரு என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே ஆடினாள்.

அதிலிருந்து சாயங்காலம் கம்பெனிக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததும் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் அத்தைக்கு. பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு மூன்று பேர் வந்து பின்னால் நிற்பார்கள். யாருக்குக் கல்யாணம், கடைக்காரர் எத்தனை பீடியைக் கழித்தார், இலை இந்த வாரம் எப்படி மோசம் என்கிற பேச்செல்லாம் பின்பால் பாட்டுக்கு நடுவில் நடக்கும். ஸ்கோர் உச்சத்துக்குப் போனால் பெயர் கேட்கும். ஆங்கில எழுத்தில் அத்தை என்று அண்ணன்தான் தட்டிக் கொடுத்தான். பட்டியலில் ஐந்து இடமும் கொஞ்ச நாளில் அவளுக்கே போய்விட்டன. முதல் இடத்தில் முப்பது லட்சத்துக்கு மேல். நாங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு முக்கியும் அதை நெருங்க முடியவில்லை.

பின்னாலே மின்வெட்டுக் காலம் வந்தது. நல்ல ஆட்டத்தின் நடுவில் யுபிஎஸ் கதறத் தொடங்கும். "ரெண்டு நிமிசம் தாங்காதால இந்தப் பெட்டி?" என்று அத்தை கோபப்படுவாள். அது தாங்காது. அடுத்த நாள் முதலிலிருந்து ஆடுவாள்.

வைனின் சரித்திரத்தை நான் பிறகுதான் படித்தேன். 1993-ல், லினக்ஸ் பிறந்து இரண்டே வருஷத்தில், பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்ற இருவர் தொடங்கியது. மறு வருஷமே அலெக்ஸாந்தர் ஜூலியார் பொறுப்பேற்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் கையில்தான் இருக்கிறது. 1.0 என்று நம்பர் போட்டு வெளியிட அவர்களுக்கு 2008 ஜூன் வரை, பதினைந்து வருஷம் பிடித்தது. விண்டோஸ் உள்ளுக்குள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், வெளியே அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு அழைப்பாகச் சோதித்துச் சோதித்து அதே நடத்தையை எழுதி உருவாக்கினார்கள். நாங்கள் மேலகரத்தில் பின்பால் ஆடியபோது அது 1.0-ஐ எட்டவில்லை. முடியாத வேலையையும் முடிந்த அளவுக்கு ஊருக்குக் கொடுத்துவிட்டு, பாக்கியைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்த அந்த ஆட்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

பின்பாலுக்கு அதன் சொந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சினிமாட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1995-ல் உருவாக்கிய விளையாட்டு அது. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அடுத்து வந்த விஸ்டாவில் இல்லாமல் போனது. மைக்ரோசாஃப்டில் வேலை செய்த ரேமண்ட் சென் காரணத்தைப் பின்னால் எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதன் மேலும் மோதாமல் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கீழே விழுந்ததாம். வேறொரு நிறுவனம் எழுதிய நிரல், விளக்கக் குறிப்பும் கிடையாது, பிழை எங்கே என்று பிடிபடவில்லை, எடுத்துவிட்டார்கள். புது விண்டோஸில் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பந்து விளையாட்டு எங்க போச்சு?" என்று எங்கள் தெருவில் கேட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டு லினக்ஸில் அது தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் கையில், மூடியில் அரசு முத்திரையோடு, மடிக்கணினி வந்தது. அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பையன்கள் யாரும் பாஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாங்கிய கொஞ்ச நாளில் பென் டிரைவ் வழியே வைரஸ் ஏறி விண்டோஸ் படுத்துவிட்டால், அப்புறம் திறக்க முடிவது பாஸ் ஒன்றுதான். அப்படி வந்து நின்றார்கள், "அண்ணே, இதுல கேம் ஓடுமா?" என்று.

எங்கள் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக மடிக்கணினிகள் இருக்கும். ஃபோல்டர் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற வைரஸ் கோப்பு ஒன்று அப்போது எல்லார் பென் டிரைவிலும் இருந்தது. விண்டோஸில் அது ஃபோல்டர் படத்தோடு அப்பாவியாக நிற்கும். பாஸில் திறந்தால் பெயரின் வால் தெரிந்துவிடும். அதைக் காட்டியதும் பையன்கள் முகத்தில் வந்த மாற்றம் இருக்கிறதே! வைன் போட்டுக் கொடுத்தேன் என்பதைவிட, வைன் போடுவது எப்படி என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். எந்த விளையாட்டுக்கு எந்த டிஎல்எல் தேவை, எந்த அமைப்பை மாற்றினால் திரை நடுங்காது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு ஓடியது இன்னொருவனுக்கு ஓடாது. இரண்டு மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடுவார்கள். அவர்களில் சிலர் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ வந்துவிட்ட பிறகு, கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும் என்கிற நிலை எங்கள் பக்கத்தில் இல்லை. விளையாட்டை ஓட வைக்கப் பட்ட பாடு அவர்களுக்குப் பாடமாகவே ஆனது என்பதை நான் நேரில் பார்த்தவன். பிள்ளைகள் கேம் ஆடிக் கெட்டுப்போகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பென்டியம் த்ரீ ஒரு சீசனில் நிரந்தரமாகப் படுத்தது. எவ்வளவு தேய்த்தும் ரேம் உயிர் பெறவில்லை. அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள்: "என் நம்பர் போயிருச்சா?"

போகவில்லை. பின்பால் தன் ஸ்கோரை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். வைனில் ரெஜிஸ்ட்ரி என்பது, சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, புள்ளி வைத்த அந்த ஃபோல்டரை முழுசாக எடுத்துக்கொண்டேன். கோப்பைத் திறந்து தேடினால், பின்பால் என்ற தலைப்பின் கீழ் அத்தை, அத்தை, அத்தை என்று ஐந்து வரி. அந்த ஃபோல்டர் அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக மாறி, உபுண்டு போய் டெபியன் வந்து, 32 பிட் போய் 64 பிட் வந்து, இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. அக்கா வீட்டு மடிக்கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. ஓட்டத்தில் குறையொன்றும் இல்லை. பாதுகாப்புக்கான சில்லு ஒன்றும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டுமாம். அக்கா மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இதுல லினக்ஸ் போட்டா என் கேமெல்லாம் போயிருமா?"

பெரும்பாலும் போகாது என்று சொல்ல முடிகிற காலம் இது. வால்வ் நிறுவனம் 2018-ல் வைனை அடிப்படையாக வைத்து புரோட்டான் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2022-ல் அவர்கள் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் என்ற கைக்கருவிக்குள் இருப்பதே லினக்ஸ்தான். அதில் ஆடுகிற விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதியவை. பிள்ளைகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதே தெரிய வேண்டியதில்லை. பட்டனைத் தட்டினால் ஓடுகிறது. வலோரன்ட் மாதிரி, ஏமாற்றுவதைத் தடுக்க இயங்குதளத்தின் அடிவேர் வரை இறங்கிக் காவல் காக்கிற சில ஆன்லைன் விளையாட்டுகள் மட்டும் லினக்ஸில் நுழைய மறுக்கின்றன. அதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது எனக்கு வேண்டாம். அத ஆடுதவன் அண்ணன்தான்" என்றாள்.

லினக்ஸ் போட்டு, அவளுடைய விளையாட்டுகளை எல்லாம் ஓட்டிப் பார்த்து முடித்ததும், அந்தப் பழைய ஃபோல்டரையும் அதில் நகல் எடுத்து வைத்தேன். பின்பாலைப் பிரித்தெடுத்துத் திரும்ப எழுதி, வைனே இல்லாமல் நேராக லினக்ஸில் ஓடும்படி ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தையின் ஸ்கோர் வைனுக்குள்தான் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் வைன் வழியாகத்தான்.

அத்தை இப்போது பீடி சுற்றுவதில்லை. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. விரல் கணுக்கள் கொஞ்சம் மடங்கிவிட்டன. முன்கூடத்தில் அதே சுவர்ப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஆடுதா?"

"நான்தான் ஆச்சி. ஒங்க ஸ்கோர முறிக்கப் போறேன்."

சாவிகள் படபடவென்று அடிபட்டன. ரெண்டு பந்து அடுத்தடுத்து நடுவில் இறங்கின. மூன்றாவது கொஞ்ச நேரம் மேலே சுற்றிவிட்டு அதே வழியில் போனது. எட்டு லட்சம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப ஸ்பேஸ் பாரை அழுத்தினாள்.

"சும்மா சும்மா தட்டாத ஏட்டி" என்றாள் அத்தை. "கிட்ட வரட்டும்."

"கிட்ட வந்தா விழுந்துருதுல்லா ஆச்சி?"

"விழாது. நுனிக்கு வரவும் தட்டணும்." அத்தை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கொஞ்சம் தள்ளு. கண்ணாடிய எடு. நான் ஒரு ஆட்டம் ஆடிட்டுத் தாரேன்."